கறுப்பு ஹப்பும் மஞ்சள் நூலும்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் புதிதாக மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, டவுன்ஹில் சைக்கிளுக்கு எந்த ஹப் போடறதுன்னு தெரியாம ஒரே பேஜாரா இருக்குது. நீங்கதான் ரிட்டையர்டு ஆயிட்டு சும்மா இருக்கீங்களே, எழுதி அனுப்புங்க."

எனக்கு முப்பத்து மூன்று வயது. ரிட்டையர்டு என்று என்னைச் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பத்து வருடம் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, தினமும் விழுப்புரத்தில் ரயில் ஏறித் திண்டிவனம் போய் வருவது முடியாமல் போனதால் விட்டேன். ஆக, ஓய்வு பெற்றவள்தான். சும்மா இருக்கிறேன் என்பது மட்டும் பொய். ஒன்றைத் தூங்கவைத்தால் இன்னொன்று எழுந்துகொள்கிறது. இந்தக் கட்டுரையை அந்த இடைவெளிகளில் எழுதுகிறேன். எங்காவது தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்துக்கு நடுவில், அச்சையும் கம்பிகளையும் பிடித்திருக்கும் குடமாக எந்த ஹப் என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். கனமான, கறுப்பான, பார்க்க அழகில்லாத, ஊர்க் கடையிலேயே பேரிங் கிடைக்கிற ஹப்பை எடுங்கள். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பும் வரும். அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் இயற்பியல் படித்தவள். கடையில் பில் எழுதத்தான் சேர்ந்தேன். ஒருநாள் சக்கரம் கோக்கிறவர் வரவில்லை. "நீ படிச்ச பொண்ணுதானே, இதப் புடி" என்று ஸ்போக் கம்பிகளை என் கையில் கொடுத்தார்கள். அப்புறம் பில் எழுத வேறு ஆள் வந்துவிட்டார். முதல் வருடத்தில் நான் செய்த பெரிய சாதனை, சைக்கிள் சட்டத்தின் பின்பக்க அகலத்தை அளக்காமல் ஹப்பைத் தேர்ந்தெடுத்து, முப்பத்திரண்டு கம்பியையும் அழகாகக் கோத்து, கடைசியில் சக்கரத்தை மாட்டப் போனபோது இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்ததுதான். முப்பத்திரண்டையும் கழற்றினேன். அன்றிலிருந்து ஹப்பைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டத்தை அளக்கிறேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கடையை நடத்தியவர் தேவநாதன் சார். அறுவடை இயந்திரங்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தவர். புதுச்சேரி பக்கத்திலிருந்தும் வானூர் செம்மண் பள்ளங்களிலிருந்தும் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உடைந்த சக்கரங்களோடு வர ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பார். நாம் செய்த வேலை பிடித்திருந்தால் ஒரு மல்லாட்டையை எடுத்து நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பாராட்டு அவ்வளவுதான். ஒரு மாதத்தில் மூன்று கிடைத்தால் அது நல்ல மாதம்.

அவர் ஒரு ஹப்பைப் பார்க்கிற விதத்தை இப்போதும் கண் முன்னால் காண்கிறேன். அச்சை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புவார். மணல் ஒன்று உள்ளே இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு காதருகே கொண்டுபோய் ஒரு சுற்று. பிறகு நம்மைப் பார்த்து, "நிச்சயமா?" என்பார். ஆமாம் என்று சொன்னால் மறுபடியும் "நிச்சயமா?" மூன்றாவது முறையும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார். நான் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே, "இருங்க சார், இன்னொரு தரம் பாத்துடறேன்" என்று சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் அவர் நூல் முறையை வைத்திருந்தார். சக்கரம் கோத்தவர், எல்லாச் சோதனையும் முடிந்ததும், "முடிஞ்சிது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசை சாமான் கடையில் வாங்கிய மஞ்சள் நூலை எடுத்து ஹப்பைச் சுற்றி, இரண்டு கம்பிகளோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட வேண்டும். அதன் பிறகு அந்தச் சக்கரத்தை யாரும் திறக்கக் கூடாது. திறந்தே ஆக வேண்டும் என்றால் நூலைக் கத்தரிக்க வேண்டும். வெட்டிய நூலை அந்தச் சக்கரத்துக்கென்று சோதனைகளை எழுதி வைக்கிற அட்டையில் ஒட்டிவிட்டு, முதல் சோதனையிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். ஏன் இந்த வம்பு என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு முறை கேட்டும்விட்டேன்.

"கடைசியா கை வெச்சப்போதான் எல்லாத் தப்பும் நடக்குது. இன்னா செய்யறோம்னு யாரும் எழுத மாட்டாங்க. நூலு எழுதும்" என்றார்.

இனி ரேவதி விஷயத்துக்கு வருகிறேன்.

ரேவதி மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்துப் பெண். அப்போது இருபத்தொரு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அஞ்சலை மீன் விற்கிறவர். கல்லூரிக்குப் போகும் வழியில் வானூர் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் சைக்கிள் ஓட்டப் பழகி, அதிலேயே ஊறிவிட்டாள். டவுன்ஹில் என்பது மலை உச்சியிலிருந்து பாறை, படிக்கட்டு, பள்ளம் என்று பார்க்காமல் கீழே வரை இறங்குவது. ஒவ்வொருவராகத் தனித்தனியே விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவருக்கு வெற்றி. முந்தைய வருடம் அப்படி ஒரு பாறையிலிருந்து குதித்து இறங்கும்போது, யாரிடமோ பழையதாக வாங்கிய எடை குறைந்த ஹப்பின் ஓரம் கம்பிகளோடு பிய்த்துக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டாள்.

இப்போது செஞ்சிப் பக்கம் ஒரு மலையில் மறுபடியும் போட்டி. பெண்களில் முதல் மூன்று பேரை வடக்கே பனிமலைப் பக்கம் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவள் அம்மா அரை மனதாக ஒத்துக்கொண்டிருந்தார். கடைக்கே நேரில் வந்து என்னிடம் சொன்னார்.

"தோ பாரும்மா, நீ புள்ள பெத்தவ. உன்கிட்ட சொல்றேன். இந்தத் தபா சக்கரம் ஒடஞ்சி இவ வுழுந்தான்னு வெச்சிக்கோ, சைக்கிளு நேரா கடலுக்குப் போவும். எங்க வூட்டுக்காரரு படகுலயே ஏத்திக்கினு போயி நடுக்கடல்ல போட்டுருவாரு. அதோட எல்லாம் முடிஞ்சிது."

"யம்மா, சும்மா இரு. கடையில வந்து கத்தாத" என்றாள் ரேவதி.

"கத்துறதுக்குத்தான் வந்தேன்."

என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்றேகால் வயது. பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு வெப்பமானி வைத்துப் பார்க்கிற காலம். அஞ்சலை சொன்ன "நீ புள்ள பெத்தவ" என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மேசையில் மூன்று ஹப்புகளை வைத்தேன். ரேவதி உடனே நீல நிற ஹப்பை எடுத்துச் சுற்றிவிட்டாள். அது சில்வண்டு மாதிரி கத்தியது.

"அக்கா, இதுதான். இந்த சத்தத்துக்கே முன்னாடி போறவன் ஒதுங்கிடுவான்."

"உனக்கு முன்னாடி எவனும் போவ மாட்டான். தனியாதான வுடுவாங்க?"

"பின்னாடி வர்றவனாவது பயப்படட்டும்."

"பின்னாடியும் எவனும் வர மாட்டான் ரேவதி."

மல்லாட்டை மென்றுகொண்டிருந்த சார் திரும்பி நின்று சிரித்தது எனக்குத் தெரியும்.

நீல ஹப் இறகு மாதிரி இருந்தது. ஆனால் பேரிங் சின்னது, அச்சு மெல்லியது. பற்சக்கரங்கள் ஏறி உட்காரும் பகுதி அலுமினியம். பலமாக மிதித்தால் எஃகுப் பற்சக்கரங்கள் அதில் கடித்துத் தடம் பதித்துவிடும். இரண்டாவது ஹப் நல்லதுதான். ஆனால் அதன் பேரிங் அளவு விசித்திரமானது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதைத் திறப்பதற்கும் தனிக் கருவி வேண்டும். மூன்றாவது கறுப்பு ஹப். அச்சு தடிமன், பேரிங் பெரிது. கம்பி மாட்டும் ஓரத்தில் ஓட்டையைச் சுற்றித் தாராளமாக உலோகம் இருந்தது. பற்சக்கரம் உட்காரும் பகுதி எஃகு. அதன் பேரிங்கைக் கழற்றி விழுப்புரத்தில் பம்புசெட் பேரிங் விற்கிற கடையில் காட்டியபோது, கடைக்காரர் எண்ணைக்கூடப் படிக்காமல் இரண்டு எடுத்து நீட்டினார். அந்த நிமிடமே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது.

இது கனமாச்சே என்று ரேவதி குறைப்பட்டாள். சக்கரத்தின் விளிம்பில் இருக்கிற எடைதான் சுற்றும்போது காலை இழுக்கும், நடுவில் இருக்கிற எடை அவ்வளவாகத் தெரியாது என்று சொன்னேன். படித்த இயற்பியல் எனக்குப் பயன்பட்ட சில இடங்களில் அது ஒன்று.

இன்னொன்றும் கேட்டாள். ஹப்புக்குள்ளே நகம் மாதிரி சின்ன எஃகுத் துண்டுகள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை வெளியே எழும்பி எதிரே உள்ள பற்களைப் பிடிக்கும். மிதிக்காதபோது பற்களின் மேல் தடவிக்கொண்டு போகும். அந்தச் சத்தம்தான் கிர்ரென்று கேட்பது. நீல ஹப்பில் நிறைய சின்ன நகங்களும் நெருக்கமான பற்களும் இருந்தன. மிதித்த உடனே பிடித்துக்கொள்ளும். கறுப்பு ஹப்பில் நான்கே நகங்கள், பெரிய பற்கள். பிடிக்க ஒரு கணம் தாமதமாகும். "அது லேட்டா புடிக்குமே அக்கா?" என்றாள். மலை இறங்கும்போது பெரும்பாலும் பெடலில் நின்றுகொண்டுதானே வருகிறாய், ஆரம்பத்தில் ஆறேழு மிதி, கடைசிச் சமதரையில் கொஞ்சம், அவ்வளவுதானே என்று கேட்டேன். எப்போதாவது பிடிக்கிற நகம் முழுசாகப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய நகம்தான் நல்லது. அவள் நீலத்தைக் கீழே வைத்தாள்.

சார் கறுப்பு ஹப்பைக் கையில் எடுத்தார். அகலம் அளந்தாயா, அளந்தேன். திருகிப் பார்த்தார், கண்ணை மூடினார்.

"நிச்சயமா?"

"ஆமா சார்."

"நிச்சயமா?"

"ஆமா சார்."

"நிச்சயமா?"

"ஆமா சார்."

என் மேசையில் ஒரு மல்லாட்டை விழுந்தது.

வியாழக்கிழமை சக்கரத்தைக் கோத்து முடித்தேன். கம்பிகளின் இழுவையை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேரிங்குக்குக் கெட்டியான கிரீஸ், நகங்களுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. "முடிஞ்சிது" என்று சொல்லி நூலையும் கட்டினேன். சார் சாப்பிடப் போனார்.

சக்கரம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேவதியின் ஊரில் உப்புக் காற்று. மலையில் செம்மண் தூசு. ஞாயிற்றுக்கிழமை, போட்டியன்று, மழை வந்தாலும் வரலாம் என்கிறார்கள். தண்ணீர் உள்ளே போனால்? ஒரு சொட்டு எண்ணெய் போதுமா? எங்கள் வீட்டில் அப்பா வருடத்துக்கு ஒரு முறை தன் சைக்கிளைக் கழற்றி, அச்சில் கிரீஸ் பிதுங்கி வழிகிற அளவுக்கு அடைப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். நிறையப் போட்டால் நல்லது என்பது மூளையில் இல்லை, கையில் இருக்கிறது. நகங்களுக்குக் கெட்டி கிரீஸ் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். தெரிந்திருந்தும் செய்தேன்.

நூலைக் கத்தரிக்கவில்லை. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மூன்று முடிச்சையும் நெம்பி அவிழ்த்தேன். ஹப்பைத் திறந்து, நகங்கள் இருக்கிற இடத்தில் கெட்டி கிரீஸை விரலால் வழித்து அடைத்தேன். மூடினேன். அதே நூலை அதே முடிச்சாகக் கட்டினேன். சார் திரும்பி வந்தபோது நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் முதல்முறையாக மனம் நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு விழுப்புரத்தில் யாழினிக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது ரேவதி கூப்பிட்டாள். மாலை மூன்று மணிக்குப் போட்டி, காலையில் ஒத்திகை.

"அக்கா, மிதிச்சா பெடலு கடக்குனு உள்ள போவுதுக்கா. ஒரு தரம் புடிக்குது, ஒரு தரம் வுட்டுடுது."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். "விழுந்தியா?"

"இல்லக்கா. முட்டி மட்டும் ஹேண்டில் பார்ல இடிச்சிக்கிச்சி. ஆனா அம்மா பாத்துட்டாங்க."

பின்னால் அஞ்சலையின் குரல் கேட்டது. கடல், படகு என்ற சொற்கள் மட்டும் தெளிவாக விழுந்தன.

"இந்த ஹப்பே சரியில்ல போலக்கா. பேசாம நீலத்தையே வாங்கியிருக்கலாம்."

இங்கே நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவள் அப்படிச் சொன்னதும், ஒரு நொடி, ஆமாம், இந்த ஹப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஹப் மறுத்துப் பேசாது. ஆனால் அது கெட்ட பெயரோடு போனால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் நீல ஹப்பைத்தான் கொடுப்பார்கள். இன்னொரு தோள்பட்டை முறியும்.

"ஹப்பு நல்ல ஹப்பு. தப்பு என்னுது. நீ இனிமே ஒரு மிதிகூட மிதிக்காத. நான் வர்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்து சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றது.

"நூலக் கத்தரிச்சியா?"

"இல்ல சார். முடிச்ச அவுத்துட்டு, திரும்பக் கட்டிட்டேன்."

"அப்போ நூலையும் பொய் சொல்ல வெச்சிட்ட."

நான் அழவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யாழினி கூழ்க் கையால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"செஞ்சி பஸ்ஸப் புடி" என்றார் சார். "டூல்ஸ நான் எடுத்துக்கினு இங்கருந்து வர்றேன். கொழந்தைய யாரு பாத்துப்பா?"

"வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு சார். தூக்கிக்கினு வர்றேன்."

"தூக்கிக்கினு வா. ஜல்தியா வா."

செஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்து மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ஒரு பெரிய பாறையின் நிழலில் சார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சைக்கிள். அதற்கு அந்தப் பக்கம் அஞ்சலை, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

"வாம்மா. உன்ன நம்பித்தான் இவள வுட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். "தண்ணி பூந்துடுமேன்னு பயந்து கிரீஸ அதிகமா அடைச்சிட்டேன். அதுலதான் உள்ள இருக்கற நகமெல்லாம் ஒட்டிக்கிச்சி."

அஞ்சலை என்னைப் பார்த்தார். என் இடுப்பில் தூக்கக் கலக்கத்தோடு இருந்த யாழினியைப் பார்த்தார். அந்த வெயிலில் நான் அவளுக்குப் போட்டிருந்த குல்லாவையும் காலுறையையும் பார்த்தார்.

"இன்னாடி இது, இந்த வெயில்ல கொழந்தைக்குக் காலுறை! உனக்கு எல்லாமே ஜாஸ்தியாத்தான் வரும்போல" என்று சொல்லி, குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். காலுறைகள் இரண்டும் பறந்தன.

பையில் இருந்த குழந்தைத் துணியை விரித்து ஹப்பைத் திறந்தேன். நகங்கள் நான்கும் கிரீஸில் சேற்றுக்குள் புதைந்த தவளைகள் மாதிரிக் கிடந்தன. எழும்ப முடியாமல் இரண்டு முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். ஓரம் சிதைந்திருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றுகூடச் சிதையவில்லை. எஃகு அப்படித்தான், நம்முடைய அசட்டுத்தனத்தையும் கொஞ்சம் தாங்கும். பற்களைத் துடைத்தேன். நகங்களின் பின்னால் இருக்கிற மெல்லிய சுருள்வில்களை விரலால் அழுத்தி, சட்டென்று எழும்புகிறதா என்று பார்த்தேன். பேரிங் கிரீஸைத் தொடவில்லை. நகங்களுக்கு எண்ணெய், ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

சார் ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தார். இடையில் அஞ்சலை மடியில் இருந்த யாழினிக்கு ஒரு மல்லாட்டையை நீட்டினார். நான் கிரீஸ் கையோடு பாய்ந்து அதைத் தட்டிவிட்டேன்.

"முழுசா குடுக்கக் கூடாது சார், தொண்டையில அடைச்சிக்கும்!"

"இது மட்டும் நிச்சயமா சொல்றா பாரு" என்றார் அவர். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரேவதி வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் யாழினி துணியிலிருந்த கிரீஸை எடுத்து அஞ்சலையின் சேலையில் ஐந்து விரலையும் பதித்துவிட்டிருந்தாள். நான் பதறினேன். "மீன் செதிலவிட இது நல்லாத்தான் கீது" என்றார் அஞ்சலை.

சோதனைகளை முதலிலிருந்து செய்தேன். கம்பிகள், அச்சு, பிரேக் தட்டின் ஆறு திருகுகள், எல்லாம். சார் சக்கரத்தை வாங்கிக் கண்ணை மூடித் திருப்பினார். சத்தம் இப்போது சுத்தமாக, தனித்தனியாகக் கேட்டது. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதில் சொன்னேன். "முடிஞ்சிது" என்றேன். நூலுக்குக் கை நீட்டினேன்.

சார் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார். நூல் வரவில்லை. அவர் ஒன்றை மறந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"இன்னா தேடறீங்க, நூலா?" என்ற அஞ்சலை, தன் கூடைப் பையிலிருந்து வலை பின்னுகிற பச்சை நைலான் நூல்கண்டை எடுத்தார். வலை கிழிந்தால் தைக்க எப்போதும் கையில் இருக்குமாம். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, ஹப்பைச் சுற்றி, கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் ஒரு முடிச்சுப் போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

"இத ஊக்கு வெச்செல்லாம் அவுக்க முடியாது. கத்திதான் வேணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வருவதற்குள் சார் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. சார் அந்த முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். அடுத்த வாரம் மரக்காணத்திலிருந்து ஒரு பெரிய கண்டு கடைக்கு வந்து சேர்ந்தது. இப்போது நீங்கள் பச்சை நூல் கட்டுகிறீர்களே, அது அன்றிலிருந்துதான்.

இரண்டு மணிக்கு ரேவதி சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலே கிளம்பினாள். பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். தலைக்கவசத்துக்குள் கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா, கடைசியா ஒரு தபா பாத்துடேன். உள்ள எதனா ஒட்டியிருக்கப் போவுது."

என் கை தானாகச் சக்கரத்தை நோக்கிப் போனது. என்னைப் போலவே அவளும் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நானே தொட்டுப் பார்த்தால் அவள் மலையுச்சி வரை சந்தேகத்தோடுதான் போவாள். கையை இழுத்து யாழினியைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

"பாக்க ஒண்ணும் இல்ல. முடிஞ்சிது. நீ போ."

அவள் போனாள். சாரும் அவளோடு மேலே நடந்தார். நானும் அஞ்சலையும் கீழே, போட்டி முடிகிற கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றோம். மேலே விசில் ஊதினால் ஒருவர் கிளம்பியிருக்கிறார் என்று அர்த்தம். எட்டாவது விசில் ரேவதிக்கு. அது ஊதியதும் அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மலையில் பாறைகளுக்கு நடுவே ஒரு சிவப்புச் சட்டை தெரியும், மறையும். ஒரு பாறையிலிருந்து சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, இறங்கியது. அந்தச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. கம்பி அறுபடும் சத்தமா என்று காதைத் தீட்டினேன். இல்லை. செம்மண் புழுதிதான் எழுந்தது.

மலையைவிட எனக்குப் பயம் கடைசி முப்பது அடி. அங்கே தரை சமம். மிதித்தே ஆக வேண்டும். நகம் ஒட்டியிருந்தால் அங்கேதான் வழுக்கும். ரேவதி புழுதிக்குள்ளிருந்து வெளியே வந்து, எழுந்து நின்று, முழு எடையையும் வலது பெடலில் போட்டாள். டக். பிடித்தது. இடது. டக். பிடித்தது. அஞ்சலை என் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினார். "மிதிடி! மிதிடி சனியனே! மிதிடி எங்கண்ணு!" மகள் கயிற்றைத் தாண்டிப் போய் வைக்கோல் மூட்டைகளில் முட்டி நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. யாழினி பயந்து அழ, நானும் அழ, பக்கத்தில் நின்ற யாரோ எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

ஒவ்வொருவரும் இரண்டு முறை இறங்க வேண்டும்; இரண்டாவது முறையும் அவள் அப்படியே இறங்கினாள். முதலாவதாக வரவில்லை. இரண்டாவது. வடக்கே பயிற்சிக்குப் போகிறவர்களில் அவள் பெயரை வாசித்தபோது ரேவதிக்கு நம்பிக்கை வரவில்லை, காகிதத்தை வாங்கித் தானே படித்துப் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போகட்டுமா என்று வாய் திறந்து கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாரும் நானும்கூட அஞ்சலையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அஞ்சலை மகளின் முகத்தில் இருந்த புழுதியை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, அங்கெல்லாம் பனி கொட்டுமாமே. நல்ல தடியா ஸ்வெட்டரு திண்டிவனத்துல எங்க கெடைக்கும்?"

எதைக் கேட்டாலும் இரண்டு முறை யோசிக்கிற நான், கேட்டு முடிப்பதற்குள் கடையின் பெயரைச் சொல்லிவிட்டேன்.